பைபாஸில் பெரிய கடை வந்துவிட்டது, எங்கள் மெஸ் தாக்குப்பிடிக்குமா?

கேள்வி: பெருந்துறையில் சிப்காட் போகும் சாலையில் 14 ஆண்டுகளாக நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். 28 பேர் உட்காரலாம். மதியச் சாப்பாடுதான் எங்கள் பிழைப்பு. ஞாயிறு விடுமுறை. எட்டு மாதங்களுக்கு முன் பைபாஸில் பெயர் பெற்ற பிரியாணி நிறுவனம் ஒன்று ஏசி, கார் நிறுத்துமிடம் எல்லாம் வைத்துப் பெரிய கிளை திறந்தது. அதிலிருந்து தினம் 150 சாப்பாடு போன இடத்தில் 110தான் போகிறது. எங்கள் வறுவல் மாஸ்டரையும் அதிகச் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டார்கள். சாப்பாடு 100 ரூபாய், மட்டன் வறுவல் 160, பள்ளிபாளையம் சிக்கன் 130 என்று விற்கிறோம். முன்பு போலவே 26 கிலோ அரிசி மூட்டை ஒன்று தினம் ஆகிறது. மீந்த சோற்றைப் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். எல்லாச் செலவும் போக மாதம் 40,000 ரூபாய் நிற்பதே அரிதாகிவிட்டது. வீட்டுக்காரர் ஏசி போட்டு, ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் எல்லாம் சேர்க்கலாம் என்கிறார். மகனோ மெஸ்ஸை மூடிவிட்டு இன்னொரு பிரியாணி நிறுவனத்தின் கிளை உரிமை எடுக்கலாம் என்கிறான். 40 லட்சம் ஆகுமாம். தென்னந்தோப்பை அடமானம் வைத்து 30 லட்சம் வாங்கலாம் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

– வாசகி, பெருந்துறை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மற்றவர்கள் எழுதாத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். கணக்கை எழுதியிருக்கிறீர்கள். ஈரோடு வட்டாரத்தில் உணவகங்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் என்ற முறையில், உங்கள் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் அந்த எண்களிலேயே இருப்பதைப் பார்க்கிறேன். அதனால் தோப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் சோற்றுப் பானையைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

150 பேர் சாப்பிட்டபோதும் ஒரு மூட்டை அரிசி. 110 பேர் சாப்பிடும்போதும் ஒரு மூட்டை அரிசி. 26 கிலோவை 150ஆல் வகுத்தால் இலைக்கு ஏறக்குறைய 173 கிராம் வருகிறது. அளவில்லாச் சாப்பாட்டுக்கு அது நியாயமான அளவு. இன்று அதே மூட்டையை 110ஆல் வகுத்தால் 236 கிராம். பெருந்துறையில் மக்கள் திடீரென்று அதிகம் சாப்பிடத் தொடங்கிவிடவில்லை. 40 பேர் குறைந்த பிறகும் உலை அப்படியே ஏறுகிறது. நாளுக்கு 7 கிலோ அரிசி வடித்துக் கொட்டுகிறீர்கள். மூட்டை 1,500 ரூபாய் என்று வைத்தால் அரிசியில் மட்டும் தினம் 400 ரூபாய், மாதம் 26 நாளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். சோறு மீந்தால் அதோடு சாம்பார், பொரியல், ரசம், தயிர் எல்லாமும் மீந்திருக்கும். அவற்றையும் எரிவாயுவையும் சேர்த்தால் நாளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். உங்கள் இலாபத்தில் பாதிக்கு மேலானது அந்தத் தொகை. இதைப் பைபாஸ் கடை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீந்த சோற்றை அள்ளி மாட்டுக்கு வைப்பது தர்மம் என்று நாம் நினைக்கிறோம். சோறு அதிகமாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்காரரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி வறுவலுக்கு வருகிறேன். வெள்ளாட்டுக் கறி கிலோ 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கறி வெந்து சுண்டினால் 600, 650 கிராம்தான் நிற்கும். தட்டுக்கு 100 கிராம் வைத்தால் ஆறு தட்டு. ஒரு தட்டுக்குக் கறி மட்டும் 142 ரூபாய். சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், மிளகு, எரிவாயு இருபது ரூபாய் சேருங்கள். 162 ஆகிறது. நீங்கள் 160க்கு விற்கிறீர்கள். மாஸ்டர் சம்பளமும் வாடகையும் இதில் இன்னும் சேரவில்லை. கடைக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டம் என்று நீங்கள் நினைக்கும் அதுதான் ஒவ்வொரு தட்டிலும் உங்களிடமிருந்து காசு வாங்கிக்கொண்டு போகிறது.

பள்ளிபாளையம் சிக்கனின் கதை வேறு. கறிக்கோழி, சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, மஞ்சள், எண்ணெய், இவ்வளவுதான். மசாலாப் பொடியே வேண்டாத சமையல். காவிரிக்கு அக்கரையில் ஒரு சிற்றூரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன பண்டம் அது. சுத்தம் செய்த கோழி கிலோ 240 என்றால், ஏழு தட்டு எடுத்தால் தட்டுக்கு 34 ரூபாய். மற்றவை 14. மொத்தம் 48. நீங்கள் 130க்கு விற்கிறீர்கள். உங்கள் கடையை இத்தனை மாதம் தாங்கி நிறுத்தியது இந்தத் தட்டுதான்.

விலைகள் சந்தைக்குச் சந்தை மாறும். ஆகையால் என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் கட்டாயம் போட்டுப் பாருங்கள். சங்கிலி உணவகத்துக்கும் உங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஏசி அல்ல, விளம்பரமும் அல்ல. அவர்களுடைய கிளை மேலாளரை எழுப்பிக் கேட்டாலும் ஒரு பிளேட் பிரியாணியில் எத்தனை கிராம் அரிசி, எத்தனை துண்டு கறி, அடக்கவிலை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நல்ல கைப்பக்குவம் உள்ள நம் மெஸ்காரர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. அவர்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்று மட்டுமே. மற்றவற்றை அவர்களிடமே விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் யோசனை. ஏசி போட்டு ஃபிரைடு ரைஸும் மஞ்சூரியனும் சேர்ப்பது, அவர்கள் நன்றாகச் செய்யும் வேலையை நீங்கள் சுமாராகச் செய்ய முயல்வதாகும். புதிதாக ஒரு அடுப்பு, ஒரு மாஸ்டர், தனிச் சரக்கு, வறுக்கத் தனி எண்ணெய் என்று செலவு வளரும். திரும்பத் திரும்பச் சூடேற்றிய எண்ணெய்க்கும் சட்டம் இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறை. கோபி மஞ்சூரியனின் சிவப்புக்காகச் சேர்க்கும் செயற்கை நிறத்தை 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை செய்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு தொல்லையை விலைக்கு வாங்கி நீங்கள் அடையப்போவது என்ன? பத்துக் கடையில் கிடைக்கும் பண்டம் பதினோராவது கடையிலும் கிடைக்கும் என்ற நிலை.

ஏசி அறைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பறைக்குப் போடுங்கள் என்று நான் சொல்வேன். பைபாஸில் காரை ஒதுக்கும் குடும்பம் பெயர்ப்பலகையைப் பார்த்து நிறுத்துவதாக நினைக்கிறோம். பல நேரம் காரில் இருக்கும் பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தாழ்ப்பாள் சரியாக விழுகிற, தண்ணீர் வருகிற, நாற்றமில்லாத கழிப்பறை. பெரிய நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நம் ஊர் மெஸ்களில் கைகழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு இருட்டு அறை இருக்கும். பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. கறிக்குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் பெண்கள் அந்தக் கடைக்கு இரண்டாம் முறை வர மாட்டார்கள்.

மகனின் யோசனைக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தம்பியின் ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. படித்த பிள்ளை ஊரிலேயே தொழில் செய்ய நினைப்பது நல்ல விஷயம். சங்கிலி உணவகம் என்பதும் நம் ஊருக்கு அந்நியமான ஒன்றல்ல. ஜூனியர் குப்பண்ணா 1960இல் ஈரோட்டில் தொடங்கிய மெஸ்தான். கோவையின் அன்னபூர்ணா 1968இலிருந்து அந்த ஊரைச் சுற்றியே கிளை கிளையாக வளர்ந்தது. இரண்டும் தங்கள் சமையலுக்குத் தாங்களே பெயர் உண்டாக்கின. கிளை உரிமை எடுப்பவர் செய்வது வேறு. அடுத்தவர் பெயருக்கு வாடகை கட்டுகிறார். அந்த வாடகை எவ்வளவு என்பதைக் கணக்காகப் பார்ப்போம்.

30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 51,400 ரூபாய். பைபாஸ் ஓரத்தில் இடத்துக்கு மாதம் 60,000 என்று வைப்போம். நாளுக்கு 20,000 ரூபாய் விற்றால் மாதம் 6 லட்சம். ராயல்டி, அதாவது பெயருக்காக விற்பனையில் கொடுக்கும் பங்கு, 6 சதவீதம் என்றால் 36,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,480. இந்த ஜிஎஸ்டியைத்தான் விளம்பரக் கையேட்டில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 5 சதவீத வரியில் நடக்கும் உணவகம் சரக்கும் சேவையும் வாங்கும்போது தான் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே உரிமைக் கட்டணத்தின் மேல், ராயல்டியின் மேல், மேசை நாற்காலியின் மேல், ஏசியின் மேல் நீங்கள் கட்டும் வரி முழுவதும் கைச்செலவுதான். தவணை, வாடகை, ராயல்டி, அதன் ஜிஎஸ்டி நான்கும் சேர்ந்து ஒரு லட்சத்து 54 ஆயிரம். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே விற்பனையில் கால் பங்கு போய்விட்டது. சரக்குக்கு 40 சதவீதம், சம்பளத்துக்கு 20, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் 10 என்று எடுத்தால் கடைசியில் நிற்பது 26,000 ரூபாய். விளம்பரப் பங்கு என்று இன்னொரு 2 சதவீதம் கேட்டால் அதிலும் பாதி கரையும். 40 லட்சம் போட்டு, தோப்பை அடமானம் வைத்து, இப்போது வருவதைவிடக் குறைவாகச் சம்பாதிப்பதற்கா இவ்வளவு பாடு?

ராயல்டி என்பது விற்பனையின் மேல் கணக்கிடப்படுவது, இலாபத்தின் மேல் அல்ல. நீங்கள் நட்டத்தில் இருக்கும் மாதத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. கிளை உரிமைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், பெயருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும்தான் துணை. அதாவது தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் விதி. மசாலாவை அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டுமா, இரண்டு கிலோமீட்டரில் இன்னொரு கிளை கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தருகிறார்களா, இடையில் நிறுத்தினால் என்ன திரும்ப வரும், இதே தொழிலை வேறு பெயரில் நடத்தக் கூடாது என்ற நிபந்தனை எத்தனை ஆண்டுக்கு என்பதையெல்லாம் பாருங்கள். கடைசியில் சொன்னது உங்களுக்கு மிக முக்கியம். அது இருந்தால் கிளை தோற்ற பிறகு உங்கள் சொந்த மெஸ்ஸைத் திறக்கவும் முடியாமல் போகலாம்.

சரி, எதிர்க் கடையால் செய்ய முடியாதது என்ன? அவர்களுடைய பலம் எல்லாக் கிளையிலும் ஒரே ருசி. அதற்காக மசாலாவை ஓரிடத்தில் கலந்து பொட்டலமாக அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத சமையல் கொங்கு நாட்டில் ஏராளம். சந்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே அச்சில் போட்டு ஒருவர் பிழிய ஒருவர் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் அச்சு நகராது. பிழிந்து ஒரு மணி நேரம் போனால் காய்ந்து போகும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி அப்போதே சாப்பிட வேண்டிய பண்டம். எந்த மத்தியச் சமையலறையும் இதை வண்டியில் ஏற்றி அனுப்ப முடியாது. அரிசியும் பருப்பும் சாதமும் அப்படித்தான். குக்கரிலிருந்து இறங்கிய சூட்டில் நெய் விட்டுச் சாப்பிட்டால் அமிர்தம், ஆறினால் கெட்டிப் பிண்டம். கொள்ளுப் பருப்பு, செலவு ரசம், தேங்காய் அரைத்து ஊற்றிய நாட்டுக்கோழிக் குழம்பு எல்லாம் வீட்டில் உண்டு, கடைகளில் அரிது. இவற்றுக்கு எங்கே போவது என்று தெரியாமல் கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் காரில் போகிறவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

உங்களுக்கு ஞாயிறு விடுமுறை. ஆலைகள் மூடியிருக்கும், அதனால் நீங்களும் மூடுகிறீர்கள். ஆனால் குடும்பங்கள் வெளியே சாப்பிடும் நாள் அதுதான். ஒவ்வொரு ஞாயிறும் திறக்கச் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் ஓய்வு வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு மதியம், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கொங்குச் சாப்பாடு போடுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு மட்டும் கறி வாங்கினால் மீதியே இருக்காது. இலைக்கு 250 ரூபாய் தாராளமாக வைக்கலாம். சந்தகை, ஒரு குழம்பு, கொள்ளு, ரசம், தயிர் போதும். இருபது வகை வைத்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்.

நாள்தோறும் வரும் ஆலைத் தொழிலாளர்களை இதில் மறந்துவிடக் கூடாது. 110 சாப்பாடு அவர்களால் போகிறது. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் சாப்பாடு இருந்தே ஆக வேண்டும். அளவில்லாச் சாப்பாடு 110 என்று உயர்த்தி, 80 ரூபாயில் அளவுச் சாப்பாடு ஒன்றையும் வையுங்கள். மாலை வேலைக்குப் போகும் இளைஞர்கள், கொஞ்சமாகச் சாப்பிடும் அலுவலகப் பெண்கள் அதைத்தான் கேட்பார்கள். மட்டன் வறுவலைத் தினம் போட வேண்டாம். புதனும் சனியும் மட்டும் போதும், விலை 220. பைபாஸில் அதே வறுவலுக்கு என்ன விலை என்று ஒருநாள் போய்ப் பாருங்கள், உங்கள் தயக்கம் தீர்ந்துவிடும். அரை வறுவல் 120க்குக் கொடுத்தால் கையில் காசு குறைவானவரும் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுப் போவார்.

மாஸ்டர் போனது உங்களை வருத்தியிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. அவர் மேல் கோபப்பட வேண்டாம். அங்கே சம்பளத்தோடு விடுப்பும், ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் கிடைத்திருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஈஎஸ்ஐ கட்டாயம். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த அட்டையின் அருமை தெரியும். உங்களிடம் ஆறேழு பேர்தான் இருப்பார்கள், சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் சம்பளத்தோடு விடுப்பும், எழுதிக் கொடுத்த தீபாவளி போனஸும், அவர்கள் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடும் நீங்களும் தரலாம். அதைவிட முக்கியம், அடுத்த மாஸ்டர் போனாலும் கடை நிற்கக் கூடாது. உங்கள் வறுவலின் பக்குவம் அவருடைய கையில் இருந்தது, காகிதத்தில் இல்லை. ஒரு கிலோ கறிக்கு எத்தனை கிராம் வெங்காயம், எத்தனை மிளகாய், எவ்வளவு நேரம் என்று நீங்களே தராசில் வைத்து எழுதுங்கள். சாம்பாருக்கு ஒரே அளவுக் கரண்டி, பொரியலுக்கு ஒரே அளவுக் குழிக்கரண்டி. மேசைத் தராசு ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இந்த ஆண்டு உங்கள் கடைக்கு வாங்க வேண்டிய ஒரே இயந்திரம் அதுதான்.

வரி விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதிய விற்பனையைப் பார்த்தால் ஆண்டுக்கு 20 லட்சத்தை எப்போதோ தாண்டியிருப்பீர்கள், ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். எந்த முறையில் கட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் மொத்த விற்பனையில் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகிறது. சாப்பிடுபவரிடம் அதை வாங்கச் சட்டம் அனுமதிக்காது. சாதாரண முறையிலும் உணவகத்துக்கு அதே 5 சதவீதம்தான், ஆனால் அதை பில்லில் போட்டு வாங்கலாம். மாதம் ஐந்து லட்சம் விற்கும் கடைக்கு இந்த வித்தியாசம் 25,000 ரூபாய். பில் போடுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்வதும் கூடுதல் வேலைதான். 100 ரூபாய் சாப்பாடு 105 ஆகும்போது நாலு பேர் முணுமுணுப்பார்கள் என்பதும் உண்மை. விலை மாற்றத்தையும் இதையும் ஒரே நாளில் செய்துவிட்டால் ஒரு முணுமுணுப்போடு போகும். புது நிதியாண்டு தொடக்கத்தில் மாறுவது எளிது. உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மகன் அடுத்து அதைத்தான் சொல்வார் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 25 சதவீதக் கமிஷன், அதன்மேல் 18 சதவீத வரி என்றால் 100 ரூபாய்ச் சாப்பாட்டில் 29.50 போய்விடும். டப்பாவுக்கு 12. சரக்குக்கு 45 போனால் 13 ரூபாய் மிச்சம், அதில் சம்பளம் கொடுக்க வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன் என்றால் முப்பது ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஆகவே சேர்வதானால் சிக்கனும் அதுபோன்ற இரண்டு பண்டங்களும் மட்டும். தேசிய உணவக சங்கத்தின் புகாரின்பேரில் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஸொமேட்டோ, ஸ்விக்கி மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. வாடிக்கையாளர் யார் என்றே உணவகத்துக்குத் தெரியவிடுவதில்லை என்பதும் அந்தப் புகாரில் உண்டு. முகம் தெரிந்து பரிமாறி வளர்ந்த கடைக்கு அது பெரிய இழப்பு.

விற்பனை சரிந்ததை அளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். எட்டு மாதச் சரிவு முழுவதையும் புதுக் கடையின் கணக்கில் எழுதாதீர்கள். புரட்டாசியில் நம் பக்கம் பாதி வீடுகளில் கறி இல்லை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வர மாட்டார்கள். சிப்காட்டில் ஆர்டர் குறைந்தால் இரண்டாம் ஷிப்டே இருக்காது. போன ஆண்டின் அதே தமிழ் மாதத்தோடு இந்த ஆண்டின் மாதத்தை ஒப்பிடுங்கள். அப்போது தெரிவதுதான் பைபாஸ் கடையால் உண்மையாக வந்த குறைவு. புதுக் கடைக்கு முதல் ஆறு மாதம் எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள் என்பதும் இதில் அடக்கம்.

கழிப்பறை, சுவருக்கு வெள்ளை, நல்ல மேசைகள், தராசு என்று மூன்று, நான்கு லட்சத்துக்கு மேல் உங்களுக்குத் தேவைப்படாது. மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். உங்கள் கணக்கு நடக்கும் வங்கியிலேயே கேளுங்கள். மீதச் சோற்றை நிறுத்தி மிச்சமாகும் பணத்திலேயே அந்தத் தவணை அடைந்துவிடும்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர் விரும்பும் நிறுவனத்தின் கிளையை மூன்று ஆண்டுக்கு மேல் நடத்தும் இரண்டு பேரைத் தேடிப்போய்ப் பார்க்கட்டும். நிறுவனம் கைகாட்டும் ஆட்கள் வேண்டாம், அவராகவே கண்டுபிடிக்கட்டும். கிளையை மூடிவிட்ட ஒருவரையும் பார்க்கட்டும். திரும்பி வந்த பிறகு உங்கள் மெஸ்ஸின் தட்டு விலைக் கணக்கை அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு உங்களைவிட அவர் பொருத்தமானவர். கணக்குப் பிடிபட்டு, இரண்டு ஆண்டில் சேமிப்பும் சேர்ந்தால் உங்கள் மெஸ்ஸின் பெயரிலேயே விஜயமங்கலத்திலோ சென்னிமலையிலோ இரண்டாவது கடையை அவர் தொடங்கலாம். அதற்கு என்னால் ஆன உதவியை மகிழ்ச்சியோடு செய்வேன்.

இதற்கிடையில் முன்பணம் கட்டினால் இடம் உறுதி, இந்த மாதக் கடைசிக்குள் சலுகை என்று யாராவது தொலைபேசியில் அவசரப்படுத்தினால் ஒப்பந்த நகலை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.